அமைதியாகக் கேட்கவும்

சிறுவாணித் தண்ணீருக்கு அடுத்தபடியாகக் கோயமுத்தூர் இந்த உலகுக்கு வழங்கிய பெருங்கொடை நான்தான். இதை நானே சொல்லிக்கொள்வது நாகரிகமல்ல என்று எனக்குத் தெரியும். ஆகவே, சரவணம்பட்டி 'எமரால்டு என்க்ளேவ்' குடியிருப்போர் நலச்சங்கத்தின் தீர்மானத்திலிருந்து எடுத்துச் சொல்கிறேன்: "இசைக்குறிப்பு ஒருங்கிணைப்பாளர் திரு. கண்ணையா அவர்களின் தன்னலமற்ற சேவையை இச்சங்கம் வெகுவாகப் பாராட்டி மகிழ்கிறது." அந்தத் தீர்மானத்தை எழுதிக் கொடுத்தவனும் நான்தான் என்பது வேறு விஷயம். எங்கள் சங்கத்தில் தமிழ் டைப்பிங் தெரிந்த வேறு ஆள் இல்லை.

நான் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பம்பும் கேட்டைத் தாண்டியதில்லை. தாண்டிய பம்புகளில் எத்தனை தண்ணீர் இறைத்தன என்பது விற்பனைப் பிரிவின் கவலை. அப்படி வாழ்ந்த என்னை, ஓய்வுக்குப் பிறகு, கூரியர்காரர் மட்டும்தான் கையெழுத்துக் கேட்டார். அதையும் இப்போது ஓ.டி.பி. ஆக்கிவிட்டார்கள்.

இந்த இருண்ட காலத்தில்தான் எங்கள் சங்கத் தலைவர் கிருபாசங்கருக்கு ஒரு ஞானோதயம் ஏற்பட்டது. அவர் வார்ப்பட ஆலை அதிபர். எதையும் உருக்கி ஊற்றிவிடலாம் என்ற நம்பிக்கை உள்ளவர். பொதுக்குழுவில் எழுந்து நின்று கேட்டார்:

"பக்கத்து அபார்ட்மெண்டுல ஜும்பா வெச்சிருக்கறாங்க. எதுத்தாப்புல சிரிப்பு யோகா. நாம என்னத்தங்க வெச்சிருக்கறோம்? ஒரு தண்ணி லாரி. அதும் வாரத்துல ரெண்டு நாளு வரதில்ல. நமக்குன்னு ஒரு சிம்பொனி வேணுமுங்க!"

"ஏனுங்க, சிம்பொனின்னா என்னங்க?" என்று ஏ பிளாக்கிலிருந்து ஒருவர் கேட்டார்.

"நெறையப் பேரு ஒண்ணா உக்காந்து, பேப்பரைப் பாத்துட்டே வாசிக்கோணுங்க. பேண்டு செட்டுக்காரங்க பேப்பரைப் பாக்க மாட்டாங்க. அவ்வளவுதானுங்க வித்தியாசம்."

பேப்பர் என்றதும் மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் அடக்கத்துடன் தலையைக் குனிந்தேன். குனிந்த தலையை நிமிர்த்துவதற்குள் 'இசைக்குறிப்பு ஒருங்கிணைப்பாளர்' பதவி உருவாகி, நிரப்பப்பட்டும் விட்டது.

எனக்கு இசை தெரியாது. அது ஒரு தகுதிக் குறைவு என்று யாரும் கருதவில்லை. பம்பு கம்பெனியிலும் எனக்குப் பம்பு தெரியாது. இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள் ஒன்றை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டேன். யூடியூபில் ஒரு நார்வேக்காரர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஒரே மாதத்தில் எனக்கு 'பார்' என்ற சொல் வேறு அர்த்தத்தில் விளங்கத் தொடங்கியது. இசையில் தாளக்கட்டு ஒன்றைப் 'பார்' என்கிறார்கள். 'இன்னைக்கு முப்பது பார் முடிச்சிட்டேன்' என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு என் மாமனார் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது.

வாசிப்பவர்களை வழிநடத்தும் பொறுப்பு டி பிளாக் மதிவதனிக்கு. அவர் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை. உண்மையாகவே இசை தெரிந்தவர் என்பதால் அவருக்குச் சங்கத்தில் பதவி எதுவும் தரவில்லை.

அடுத்து, ட்ரம்பெட் திருமூர்த்தி. இந்தக் கதையில் நான் சேவை செய்தது முக்கியமாக அவருக்குத்தான். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். தோப்பைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, மனைவி நஞ்சம்மாளுடன் சி பிளாக் நாலாவது மாடிக்குக் குடிவந்தார். வந்த இடத்தில், அறுபது வயதில், அவருக்கு ட்ரம்பெட் மேல் ஆசை வந்துவிட்டது. அறுபதில் ஆண்களுக்கு வரக்கூடிய ஆசைகளில் இது சேதாரம் குறைந்தது என்று நஞ்சம்மாளும் விட்டுவிட்டார். ஆனால் முதல் நாளே பி பிளாக்கிலிருந்து புகார் வந்தது. 'வளாகத்தில் வாத்திய ஒலி தொடர்பாக' என்ற தலைப்பில் சங்கம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதையும் நான்தான் எழுதினேன். நல்ல சுற்றறிக்கை.

அதன் பிறகு திருமூர்த்தி தினமும் சாயங்காலம் கீழ்த்தளப் பார்க்கிங்கில் தன் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். வெளியிலிருந்து கேட்டால், யாரோ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடுவது போலிருக்கும். வேர்த்து விறுவிறுத்து இறங்கி வருவார். எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும், "தொந்தரவு பண்ணிப்போட்டனுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் லிஃப்டுக்குப் போவார்.

ஒரு நாள் மதிவதனி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடந்தவர், அந்தக் கார் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணா, இது என்ன பாட்டுங்க?"

"பாட்டெல்லாம் இல்லீங்க டீச்சர். சும்மா மனசுக்கு வந்தத ஊதிட்டிருந்தனுங்க. சத்தம் வெளிய வந்துருச்சுங்களா?"

அது எட்டு பார் மெட்டு. ரொம்ப எளிமையானது. திருமூர்த்தி அதைக் காருக்குள் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தானே கண்டுபிடித்திருந்தார். மதிவதனி அந்த எட்டு பாரை நடுவில் வைத்து, முன்னும் பின்னுமாக எங்கள் சிம்பொனி முழுவதையும் கட்டினார். அந்த இடம் வரும்போது வயலின், ஃப்ளூட், கீபோர்டு எல்லாம் அடங்கிவிடும். ட்ரம்பெட் மட்டும் தனியாக வாசிக்கும். அது முடிந்ததும் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள்.

விஷயம் தெரிந்ததும் நஞ்சம்மாள் மதிவதனியைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நானும் அருகில் இருந்தேன்.

"ரெண்டு வருசமா காருக்கு வெளிய நின்னுதானுங்க அம்மணி கேக்கறேன். உள்ள உக்காந்தா காது அடைச்சுப்போகுது. ஒருக்காவாச்சும் கண்ணாடி இல்லாம அத முழுசாக் கேக்கோணுமுங்க."

"நானாச்சுங்க," என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. இருந்தாலும் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் வாக்குக் கொடுத்தேன்.

இப்போது 'ட்ரான்ஸ்போசிஷன்' என்ற மகத்தான தத்துவத்தை வாசகர்களுக்கு விளக்கியாக வேண்டும். ட்ரம்பெட்காரர் தன் தாளில் இருக்கும் சுரத்தை வாசித்தால், அதற்கு ஒரு கட்டை கீழேதான் ஒலி வரும். அந்த வாத்தியத்தின் பிறவிக் குணம் அது. கிளாரினெட்டும் அதே வழி. சாக்ஸபோனோ இன்னும் கீழே எங்கேயோ போய் ஒலிக்கும். எழுதியதை எழுதியபடி ஒலிப்பவை ஃப்ளூட், வயலின் மாதிரிச் சில சாதுவான வாத்தியங்கள்தான். ஆகவே எல்லோரிடமிருந்தும் ஒரே ஒலி வர வேண்டுமானால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக எழுதித் தர வேண்டும். எல்லோருக்கும் ஒரே சுற்றறிக்கையை அனுப்பிப் பழகிய எனக்கு இது அநியாயமாகப் பட்டது. நல்லவேளையாக மென்பொருளில் அதற்கு ஒரு பொத்தான் இருந்தது. எனக்குப் பொத்தான்களைப் பிடிக்கும்.

ஆனால் என்னை உண்மையிலேயே ஆட்கொண்டது 'க்யூ நோட்டு'தான். சிம்பொனியில் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அப்படிச் சும்மா இருப்பவர் மறுபடி எப்போது தொடங்குவது? அதற்காக, அந்த நேரத்தில் வேறொருவர் வாசிக்கும் வரியை இவருடைய தாளில் பொடி எழுத்தில் அச்சடித்துக் காட்டுவார்கள். 'இதை நீ வாசிக்காதே, காதால் கேள், முடிந்ததும் தொடங்கு' என்று அர்த்தம். அடுத்தவர் வேலையைத் தன் தாளில் வைத்துக்கொண்டு, தான் ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டிருப்பது! இதைத்தானே நான் பம்பு கம்பெனியில் பணிக்காலம் முழுவதும் செய்தேன்? வெள்ளைக்காரன் இதற்கு ஒரு பெயரும் வைத்து அச்சடிக்கவும் செய்கிறான் என்று அறிந்தபோது என் கண் கலங்கிவிட்டது.

உடனே திருமூர்த்தியின் எட்டு பாரை எல்லோருடைய தாளிலும் பொடி நோட்டாகப் போட்டேன்.

"சார், க்யூவே வேண்டாங்க," என்றார் மதிவதனி. "எனக்குக் கை இருக்குது. நானே காட்டிக்கறேன்."

அவர் கையே போதுமென்றால் இந்த நாட்டில் ஒருங்கிணைப்பாளர்கள் எதற்கு? நான் கேட்கவில்லை. அடக்கத்துடன் அச்சடித்தேன்.

முதல் ஒத்திகை பார்ட்டி ஹாலில் நடந்தது. திருமூர்த்தியின் இடம் வந்தது. அவர் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தார். அவர் வாசிக்க, கூடவே எல்லோரும் வாசித்தார்கள். மெல்லிய சத்தத்தில், பயபக்தியோடு, அவரவருக்குத் தோன்றிய இடத்தில் அந்த எட்டு பார் கிளம்பியது. நான் ட்ரம்பெட் வரியை அப்படியே பிரதி எடுத்து ஒட்டியிருந்தேன். பொடி நோட்டையும் அவரவர் வாத்தியத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்று நார்வேக்காரர் சொன்ன பகுதியை நான் ஓட்டிவிட்டுப் பார்த்திருந்தேன். ஆகவே ஒரே மெட்டு மூன்று வெவ்வேறு கட்டையில் ஒரே நேரத்தில் ஒலித்தது. செக்யூரிட்டி மேலே ஓடிவந்து, ஜெனரேட்டரை நிறுத்தட்டுமா என்று கேட்டார்.

மதிவதனி கிளாரினெட் வாசிக்கும் சாய்சரணைப் பார்த்தார். அவர் டைடல் பார்க் பக்கம் ஏதோ சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்.

"அது பொடி நோட்டு. வாசிக்கக் கூடாதே?"

"பொடியா இருந்துச்சுங்க மிஸ். மெதுவா வாசிக்கோணும்னு நெனச்சனுங்க."

"மேல ட்ரம்பெட்னு போட்டிருக்குதே?"

"ட்ரம்பெட் மாதிரி வாசிக்கச் சொல்றாங்கன்னு நெனச்சனுங்க."

சாக்ஸபோன் ஸ்ரீனிவாஸ் பல் டாக்டர். அவர் தாமாகவே எழுந்து விளக்கம் கொடுத்தார். "அண்ணன் ஒருத்தரே தனியாக் கஷ்டப்படறாரேன்னு நானும் கூட ஒரு கை குடுத்தனுங்க."

"நல்லாத்தானுங்க இருந்துச்சு," என்றார் திருமூர்த்தி. "எனக்கும் தைரியமா இருந்துச்சு."

இப்படிப்பட்ட மனிதர்களை வைத்துக்கொண்டு சிம்பொனி நடத்துவது எளிதல்ல. நான் அவசரச் செயற்குழுவைக் கூட்டினேன். பொடி நோட்டுக்கு மேலே வாத்தியத்தின் பெயரைப் போட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று என் அறிக்கையில் கண்டுபிடித்திருந்தேன்.

"பேரே போட வேண்டாமுங்க," என்றார் கிருபாசங்கர். "ட்ரம்பெட்டுன்னு சி பிளாக் பேரு மட்டும் எல்லாத் தாள்லயும் வந்தா ஏ பிளாக்காரங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க. பொதுவா, மரியாதையா எதாச்சும் போட்டுடுங்க."

அப்போதுதான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த வாசகம் பிறந்தது. க்யூ நோட்டு வரும் இடமெல்லாம், வாத்தியத்தின் பெயருக்குப் பதிலாக, தடித்த எழுத்தில் இப்படிப் போட்டேன்: 'அமைதியாகக் கேட்கவும். நன்றி.'

அதோடு விடவில்லை. 'க்யூ நோட்டு விழிப்புணர்வு முகாம்' ஒன்றும் நடத்தினேன். டீயும் தேங்காய் பன்னும் உண்டு. வெள்ளைப் பலகையில் ஒரு பொடி நோட்டை வரைந்து, குச்சியால் தட்டிக் கேட்டேன்.

"இது யாருடையது?"

"அடுத்தவங்களுதுங்க!"

"நாம வாசிக்கலாமா?"

"கூடாதுங்க!"

"கேட்கவும் என்று போட்டிருந்தால்?"

"கேக்கோணுமுங்க!"

எல்லோரையும்விடச் சத்தமாகப் பதில் சொன்னவர் திருமூர்த்திதான். முகாமின் சிறந்த மாணவர் என்று அவருக்கு ஒரு பேனா பரிசளித்தேன். பெரிய நோட்டு நம்முடையது, பொடி நோட்டு அடுத்தவருடையது என்ற பாடம் அவர் மனதில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது. நான் நல்ல ஆசிரியன்.

அதற்கடுத்த ஒத்திகைகளில் யாரும் பொடி நோட்டைத் தொடவில்லை. திருமூர்த்தி தன் எட்டு பாரைத் தனியாக, தெளிவாக வாசித்தார். ஒரு முறை வாசித்து முடித்ததும் ஸ்ரீனிவாஸ் தான் தொடங்க வேண்டியதை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த டீ ஆறிப்போனதுகூட எனக்குத் தெரியவில்லை. பார்ட்டி ஹால் ஏ.சி.யின் கோளாறு என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சாக்ஸபோன் தாளில் இருந்த க்யூ நோட்டு இன்னும் சரியான கட்டைக்கு வரவில்லை என்று எனக்கு உறுத்தியது. யாருமே வாசிக்கப் போகாத நோட்டு அது. வாசிக்கப் போகாத நோட்டாக இருந்தாலும் தரம் தரம்தானே? சிம்பொனி அரங்கேறவிருந்த சங்க விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மறுபடி லேப்டாப்பைத் திறந்தேன். ஏற்கெனவே 'இறுதி', 'இறுதி இறுதி', 'உண்மையான இறுதி' என்று கோப்புகள் இருந்தன. புதிதாக 'கண்ணையா இறுதி' என்று ஒன்றை ஆரம்பித்தேன். பழைய க்யூ எல்லாவற்றையும் அழித்தேன். எல்லா வாத்தியமும் சேர்ந்திருக்கும் மூலப் பிரதியான ஸ்கோரில் திருமூர்த்தியின் எட்டு பாரைத் தேர்ந்தெடுத்து, 'க்யூ ஆக்கு' என்ற பொத்தானை அழுத்தி, 'எல்லாத் தாள்களுக்கும்' என்று கொடுத்தேன். க்யூ வரும் இடமெல்லாம் மேலே என் வாசகம் தானாக வந்து உட்காரும்படி ஏற்கெனவே ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்.

மென்பொருள் ஆங்கிலத்தில் ஒரு பெட்டியைக் காட்டியது. 'இது மூல வாத்தியத்தின் தாளையும் சேர்த்து மாற்றிவிடும். தொடரலாமா?' என்பது அதன் சாரம். சாரத்தைப் பிறகுதான் படித்தேன். அப்போது என் கண்ணில் பட்டது 'தொடரலாமா?' மட்டும்தான். இவ்வளவு மரியாதையாகக் கேட்பவரிடம் வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. 'ஆம்' என்று அழுத்தினேன்.

அன்றே அச்சடித்து, லாமினேட் செய்து, பழைய தாள்களைப் பிடுங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுத்தேன். திருமூர்த்தியை லிஃப்டில் பிடித்தேன். தாளை வாங்கியவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் மாடியிலிருந்து மூன்றாவது மாடி வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நடுவுல பொடியாப் போட்டிருக்குதுங்களே," என்றார்.

"எல்லாம் யோசிச்சுத்தானுங்க அண்ணா போட்டிருக்கறேன்," என்றேன், என் செல்போனைப் பார்த்தபடி.

"செரீங்க. நீங்க பாத்துச் செஞ்சாச் செரியாத்தானுங்க இருக்கும்."

நாலாவது மாடி வந்தது. இறங்கியவர் கதவு மூடும்வரை என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். கலைஞர்களுக்கு என் மேல் எவ்வளவு மதிப்பு என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் பார்க்கிங்கில் கார் சத்தமில்லாமல் நின்றது. மறுநாளும் அப்படித்தான். பெரிய வித்வான்கள் கச்சேரிக்கு முன் உதட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள் என்று நார்வேக்காரர் சொல்லியிருந்தார். புதிய தாளை வைத்து ஒத்திகை பார்க்கவும் வழியில்லை. பார்ட்டி ஹாலில் ஒரு காதுகுத்து.

விழா நாள் வந்தது. புல்தரையில் ஷாமியானா போட்டு, நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி கட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் பச்சை ரிப்பன் வைத்திருந்தார்கள். நஞ்சம்மாள் அரக்குப் பட்டுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கிணத்துக்கடவிலிருந்து ஒரு வேன் நிறைய ஒறம்பரை, அதாவது உறவுக்காரர்கள் கூட்டம், வந்து அவரைச் சுற்றி நிறைந்திருந்தது. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பியும் வந்திருந்தார். "அண்ணன் தனியா ஊதற எடம் எப்பங்க வரும்?" என்று அவர் என்னிடமே கேட்டார். "நடுவுல வருமுங்க. நான் கைகாட்டறேன்," என்றேன்.

சிம்பொனி தொடங்கியது. சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. வயலின்கள் ஏறி இறங்கின. சாய்சரண் சரியாக வாசித்தார். எல்லாம் ஒவ்வொன்றாக அடங்க, அந்த இடம் வந்தது. நான் திரும்பி, தம்பிக்குக் கைகாட்டினேன். நஞ்சம்மாள் நாற்காலி நுனிக்கு வந்தார்.

மதிவதனி திருமூர்த்தியை நோக்கிக் கையை நீட்டினார்.

திருமூர்த்தி ட்ரம்பெட்டைப் பாதி தூக்கினார். தாளைப் பார்த்தார். அதில் பொடி நோட்டு. மேலே தடித்த எழுத்தில், 'அமைதியாகக் கேட்கவும். நன்றி.' ட்ரம்பெட்டை மடியில் இறக்கி வைத்தார். மதிவதனி மறுபடி கையை ஆட்டினார். திருமூர்த்தி அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, வாசிக்கப் போகிறவர் யாரென்று மலர்ந்த முகத்தோடு திரும்பிப் பார்த்தார். சாய்சரணிடம், 'நீங்களா? வாங்க, வாங்க' என்பதுபோல் கை காட்டினார். சாய்சரண் தன் தாளைப் பார்த்தார், அங்கும் பொடி. அவர் பதறி ஸ்ரீனிவாஸைக் காட்டினார். ஸ்ரீனிவாஸ் நெஞ்சில் கை வைத்து, ஐயோ நானில்லை என்று ஃப்ளூட்டைக் காட்டினார். பந்தியில் முதல் இலையில் உட்கார ஒருவரையொருவர் உபசரிப்பதைப் போல அந்த எட்டு பாரும் மேடையில் கை மாறிக்கொண்டே இருந்தது. அத்தனை பேரும் அமைதியாகக் கேட்டார்கள். கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

கூட்டத்தில் யாரோ எழுந்து நின்றார். மௌன அஞ்சலி என்று நினைத்திருக்க வேண்டும். அவரைப் பார்த்துப் பக்கத்து நாற்காலி எழுந்தது. ஷாமியானா முழுவதும் எழுந்து தலை குனிந்து நின்றது. நஞ்சம்மாள் மட்டும் எழவில்லை. முன்னே குனிந்து, காதை மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டு, இதோ வரும் இதோ வரும் என்று உட்கார்ந்திருந்தார்.

எட்டு பார் முடிந்தது. மதிவதனியின் கை கீழே விழ, எல்லோரும் சரியாக ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டார்கள். க்யூ நோட்டு அந்த வேலையைத் துல்லியமாகச் செய்தது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

முடிந்ததும் மதிவதனி நேராக ட்ரம்பெட் தாளை எடுத்துப் பார்த்தார். அதை என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"பாருங்க சார். அவரோட மெட்ட அவருக்கே பொடியாப் போட்டு, கேளுங்கன்னு எழுதியிருக்கறீங்க. அவரு என்ன நெனச்சிருப்பாரு? நீங்களே போய் அண்ணங்கிட்டச் சொல்லீருங்க. இப்பவே சொல்லீருங்க. சனமெல்லாம் அப்படியேதான் இருக்குது. அவரை இன்னொருக்கா வாசிக்கச் சொல்லலாம்."

பார்த்தேன். சொல்லிவிடுவது என்று உறுதியாகத்தான் கிளம்பினேன். அதற்குள் கிருபாசங்கர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"பெரியோர்களே! நடுவுல கொஞ்ச நேரம் எல்லாரும் சத்தமில்லாம இருந்தாங்க பாருங்க. அது எதுக்குன்னு நெறையப் பேருக்கு வெளங்கியிருக்காது. ஒலி மாசுங்க! நம்ம வளாகத்துல பார்க்கிங்ல கூடச் சத்தம் வந்துட்டிருந்த காலம் உண்டு. சத்தம் போடாம இருக்கறதுதான் பெரிய இசைன்னு உலகத்துக்கே காட்டிப்போட்டாரு நம்ம கண்ணையா சாரு!"

கைதட்டல் ஷாமியானாவைத் தூக்கியது. என் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. ஜரிகை கனமானது. பொன்னாடை போர்த்தப்பட்ட ஆளால், உடனே அதை இறக்கி வைத்துவிட்டு, 'இல்லைங்க, நான் தப்பான பொத்தானை அழுத்திவிட்டேன்' என்று சொல்ல முடியுமா? சபை நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே. நான் கையைக் கூப்பினேன். ட்ரம்பெட் தாளை நாலாக மடிக்கப் பார்த்தேன், லாமினேஷன் மடியவில்லை. பொன்னாடைக்குள் செருகிக்கொண்டேன்.

கூட்டம் சாப்பிடப் போனபோது திருமூர்த்தி என்னைத் தேடி வந்தார். பின்னால் நஞ்சம்மாள்.

"கண்ணையா சார், தலைவரு சொன்ன பின்னாடிதானுங்க எனக்கு வெளங்குச்சு," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நான் கோணையா நெனச்சுப்போட்டனுங்க. என்ர வாசிப்பு செரியில்லீன்னு, அந்த எடத்த வேற நல்ல ஆளுக்குக் குடுத்துட்டீங்களாக்கும்னு ரெண்டு நாளாச் சோறு எறங்கலீங்க. ஊட்டுல சொல்றதுக்கும் வாய் வரல. ஒறம்பரையெல்லாம் வேற கூப்புட்டுப்போட்டா."

"அப்ப அது வாசிக்கறதுக்கே இல்லீங்களா?" என்று நஞ்சம்மாள் என்னைக் கேட்டார். நேராக, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். "நாந்தான் வெவரமில்லாம வரும் வரும்னு உக்காந்திருந்தனுங்களா?"

இரண்டே வார்த்தையில் முடிகிற விஷயம். மேடை இன்னும் கலைக்கப்படவில்லை. மதிவதனி அங்கேயே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கம்மா," என்றேன். "அது மௌனமுங்க."

"கேட்டுக்கிட்டயா?" என்று திருமூர்த்தி மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "நான் ஊதறதக் காட்டியும் ஊதாததுக்குத்தான் சனம் எந்திரிச்சு நின்னு கும்புடுது. அப்பறம் அத எதுக்கு வெச்சுட்டிருக்கோணும்? நாளைக்கே அந்த ட்ரம்பெட்ட பேண்டு செட்டுக்காரங்களுக்குக் குடுத்துரலாம்."

நஞ்சம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

திருமூர்த்தி என் பக்கம் திரும்பி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "டீச்சரு கையக் காட்டறப்ப ஒரு நிமிசம் ட்ரம்பெட்டத் தூக்கிப்போட்டனுங்க. ஊதியிருந்தா உங்க பேரே கெட்டிருக்கும். அதும் போக, உங்களப் போயி ரெண்டு நாளாத் தப்பா நெனச்சுட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. மன்னிச்சுப்போடுங்க."

நான் பெருந்தன்மையுடன் அவரை மன்னித்துவிட்டேன்.